ரிச்சர்ட் இல்லை சித்தி, ரிஷார்!

மான்ட்ரியல் நகரில் ஐஸ் ஹாக்கி வரலாற்றைத் தேடி ஒரு குளிர்கால நடை

பாப்கார்ன் வாசனை மூக்கைத் துளைக்கிறது. டிக்கெட் வாங்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் செல்போனைப் பார்த்தபடி நம்மைக் கடந்து போகிறார்கள். பார்த்தால் நம்மூர் மல்டிபிளெக்ஸ் மாதிரிதான் இருக்கிறது.

"சித்தி, கீழே பாருங்க. நீங்க நடுவட்டத்து மேல நிக்கறீங்க!" என்றான் அக்கா மகன்.

குனிந்து பார்த்தேன். தரையில் ஒரு பெரிய வட்டம். பல ஆண்டுகளுக்கு முன் இங்கே தரை கிடையாது, உறைபனித் தளம்தான் இருந்தது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான இருக்கைகள். இந்த வட்டத்தில் ஒரு ஆட்டக்காரரின் உடலை வைத்து ஊரே அழுதிருக்கிறது. இதே கட்டடத்தில் ஒரு ராத்திரி கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்து, ஊரே தெருவில் இறங்கிக் கலவரம் செய்திருக்கிறது. இப்போது இரண்டாவது மாடியில் எந்தப் படம் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

இதுதான் மான்ட்ரியல் ஃபோரம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஐஸ் ஹாக்கியின் கோயில் என்று சொல்லப்பட்ட இடம்.

2025 குளிர்காலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த ஹாக்கி எல்லாம் தன்ராஜ் பிள்ளை ஆடிய ஹாக்கிதான். ஒன்பது வயது மருமகனுக்கோ ஐஸ் ஹாக்கியைத் தவிர வேறு உலகமே கிடையாது. "மொரிஸ் ரிச்சர்ட் பத்திப் படிச்சேன்டா" என்று பெரிய மனுஷி மாதிரி ஆரம்பித்தேன். உடனே திருத்தினான். "ரிச்சர்ட் இல்லை சித்தி, ரிஷார். பிரெஞ்சுப் பேர்."

அந்த ஒரு திருத்தத்துக்குள் இந்த ஊரின் கதையே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முகமூடி மாட்டிய முகம்

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். ஒரு அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். காலில் கத்தி மாதிரி பட்டை வைத்த ஸ்கேட்ஸ். பந்து கிடையாது. 'பக்' என்று சொல்லும் தட்டையான, கெட்டியான ரப்பர் வில்லைதான். 20 நிமிடங்களாக மூன்று பகுதிகள். அந்த வில்லை மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில்கூடப் பறந்து வரும்.

அக்கா மகன் தன் பள்ளி அணியில் கோல்கீப்பர். வீட்டு வாசலில் அவன் முகமூடி தொங்கிக்கொண்டிருக்கும். அது இல்லாமல் ஐஸில் கால் வைத்தால் கோச் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். ஆனால், ஒரு காலத்தில் முகமூடி மாட்டினால் கோழை என்றார்கள்.

1959 நவம்பர் 1. நியூயார்க்கில் ஆட்டம். மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் முகத்தில் பக் வந்து அடித்தது. மூக்கு கிழிந்து ரத்தம். உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். அப்போதெல்லாம் மாற்றுக் கோல்கீப்பரை அணியோடு கூட்டிப் போகும் வழக்கம் இல்லை. "முகமூடியோடுதான் மறுபடி இறங்குவேன்" என்று உறுதியாக நின்றார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லாமல் விட்டார். மான்ட்ரியல் 3-1 என்று ஜெயித்தது. அதன் பிறகு பிளான்ட் வழக்கமாக முகமூடியோடுதான் ஆடினார். மெல்ல மெல்ல மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த பிளான்ட், பதினொரு குழந்தைகள் உள்ள வீட்டின் மூத்த பிள்ளை. தன் கம்பளித் தொப்பிகளைத் தானே பின்னிப் போட்டுக்கொள்வாராம். அம்மா கற்றுக்கொடுத்த பின்னல்! இதைக் கேட்டதும் அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

கார் நிறுத்துமிடத்தில் பிறந்த விளையாட்டு

மறுநாள் வெளியே மைனஸ் 18 டிகிரி. மூக்கு நுனி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நகர மையத்தில் ஸ்டான்லி தெருவுக்கும் டிரம்மண்ட் தெருவுக்கும் நடுவே நடந்தோம். "இங்கதான்" என்று அவன் காட்டிய இடத்தில் ஒரு சாதாரண கார் பார்க்கிங்.

இந்த இடத்தில் விக்டோரியா ஸ்கேட்டிங் ரிங்க் என்ற உள்ளரங்கம் இருந்தது. 1875 மார்ச் 3 அன்று, பக்கத்துக்கு ஒன்பது பேராக இங்கே ஆடிய ஆட்டத்தைத்தான் முதல் உள்ளரங்க ஐஸ் ஹாக்கி ஆட்டமாகச் சொல்கிறார்கள். பார்வையாளர்கள் மேல் பந்து பட்டுவிடக் கூடாது என்று பந்துக்குப் பதில் மரத்தாலான தட்டை வில்லையை வைத்து ஆடினார்கள். இன்றைய பக்கின் தாத்தா அது.

1889-ல் இதே அரங்கத்தில்தான் கனடாவின் கவர்னர் ஜெனரல் ஸ்டான்லி பிரபு முதல்முறையாக ஹாக்கி பார்த்தார். ஆட்டம் பிடித்துப்போய் 1892-ல் ஒரு வெள்ளிக் கிண்ணத்தைப் பரிசாக அறிவித்தார். இன்று உலகின் பெரிய ஹாக்கி வீரர்கள் எல்லாம் உயிரைக் கொடுத்து ஆடும் ஸ்டான்லி கோப்பை அதுதான்.

பக்கத்தில் பீல் தெருவுக்கு வந்தால் பழைய விண்ட்சர் ஹோட்டலில் மிஞ்சிய பகுதி நிற்கிறது. 1917 நவம்பர் 26 அன்று, இந்த ஹோட்டலில் நடந்த கூட்டத்தில்தான் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.ஹெச்.எல் உருவானது. நான்கு தெருவுக்குள் ஒரு விளையாட்டின் ஜாதகமே இருக்கிறது. ஆனால், நான் தேடி வந்த கதை அங்கிருந்து மேற்கே, இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில், ஃபோரத்தில் இருந்தது.

இரண்டு மொழி, ஒரு ஊர்

ஃபோரம் 1924-ல் திறக்கப்பட்டது. முதலில் மான்ட்ரியல் மரூன்ஸ் என்ற அணிக்காகக் கட்டினார்கள். அது ஆங்கிலம் பேசுகிறவர்களின் அணி. பிரெஞ்சு பேசுகிறவர்களுக்காக 1909-ல் தொடங்கிய கனடியன்ஸ் அணி பின்னால்தான் இங்கே குடிவந்தது. மரூன்ஸ் 1938-ல் காணாமல் போனது. குடிவந்தவர்கள் வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

கனடியன்ஸின் முதல் பெரிய நட்சத்திரம் ஹோவி மோரென்ஸ். 1937 ஜனவரியில் ஃபோரம் ஐஸில் கால் முறிந்து மருத்துவமனைக்குப் போனவர், மார்ச் 8 அன்று இறந்துபோனார். வயது 34. மார்ச் 11 அன்று இறுதிச்சடங்கு ஃபோரத்திலேயே நடந்தது. நான் நின்றுகொண்டிருந்த நடுவட்டத்தில்தான் அவர் உடலை வைத்திருந்தார்கள்.

அவருக்குப் பிறகு வந்தவர்தான் மொரிஸ் ரிஷார்.

1921-ல் மான்ட்ரியலில் பிறந்தவர். அப்பா ரயில்வே தொழிலாளி. இவர் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட் வேலை பழகியவர். இளம் வயதிலேயே கணுக்கால், மணிக்கட்டு என்று அடுத்தடுத்து எலும்பு முறிவு. உலகப் போருக்கு ராணுவத்தில் சேரப் போனபோது, 'எலும்பு சரியாகக் கூடவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எலும்புகளோடுதான் ராக்கெட் என்று பெயர் வாங்குகிற அளவுக்கு ஐஸில் பறந்தார்.

1944 டிசம்பர் 28. அன்று ரிஷார் வீடு மாறினார். பகல் முழுக்கச் சாமான் தூக்கினார், அதில் ஒரு பியானோவும் உண்டு. ராத்திரி ஃபோரத்துக்கு வந்து, "ரொம்பக் களைப்பாக இருக்கிறது, இன்று என்னிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்" என்றிருக்கிறார். பிறகு டெட்ராய்ட்டுக்கு எதிராக ஐந்து கோல் அடித்தார். இன்னும் மூன்று கோலுக்கு உதவினார். ஒரே ஆட்டத்தில் எட்டுப் புள்ளி எடுத்தது அப்போது சாதனை! அந்த சீசனில் 50 ஆட்டங்களில் 50 கோல். அதற்கு முன் என்.ஹெச்.எல்லில் யாரும் ஒரு சீசனில் 50 கோல் தொட்டதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கியூபெக்கில் பெரும்பான்மை மக்களின் மொழி பிரெஞ்சு. ஆனால் அந்தக் காலத்தில் வங்கி, தொழிற்சாலை, பெரிய கடை எங்கே போனாலும் முதலாளியின் மொழி ஆங்கிலம். தொழிலாளி பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சனிக்கிழமை ராத்திரி ரேடியோ முன் உட்கார்ந்தால், தங்கள் வீட்டுப் பையன் ஒருவன் எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய் கோல் அடிக்கிறான். ஆங்கிலம்கூடச் சரியாக வராத பையன். அவர் ஆட்டக்காரர் என்பதைத் தாண்டி அவர்களின் மானமாகவே மாறியதில் ஆச்சர்யம் என்ன?

1955 மார்ச் 17

1955 மார்ச் 13 அன்று பாஸ்டன் நகரில் ஆட்டம். எதிரணியின் ஹால் லேகோ மட்டையால் ரிஷாரின் தலையில் அடித்துவிட்டார். ஐந்து தையல் போடும் அளவுக்குக் காயம். ஆத்திரத்தில் ரிஷார் தன் மட்டையால் லேகோவைத் திருப்பி அடித்தார். தடுக்க வந்த லைன்ஸ்மேன் கிளிஃப் தாம்சனையும் முகத்தில் குத்தினார். தாம்சன் நினைவிழந்து விழுந்தார்.

தப்பு தப்புதான். அதில் மறுபேச்சு இல்லை. ஆட்ட அதிகாரியை அடிப்பதை எந்த விளையாட்டும் பொறுக்காது. தண்டனை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மார்ச் 16 அன்று என்.ஹெச்.எல் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல் தீர்ப்புச் சொன்னார். சீசனில் மிச்சமுள்ள மூன்று ஆட்டங்கள், அதன் பிறகு வரும் கோப்பைச் சுற்று முழுவதும் ரிஷாருக்குத் தடை. கனடியன்ஸ் கோப்பைக்குக் குறிவைத்திருந்த நேரம். ரிஷார் முதல்முறையாக அதிகப் புள்ளிகளுக்கான பட்டத்தை எட்டிப் பிடிக்கவிருந்த நேரம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ஹாக்கித் தீர்ப்பாகத் தெரியவில்லை. ஆங்கில முதலாளி தங்கள் பையனுக்குக் கொடுத்த அடியாகவே தெரிந்தது.

மறுநாள் ஃபோரத்தில் டெட்ராய்ட்டுடன் ஆட்டம். வராதீர்கள் என்று கேம்ப்பெல்லுக்கு எச்சரிக்கைகள் வந்தன. அவர் வந்தார். முதல் பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வந்து, தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தார். முட்டை, தக்காளி எல்லாம் அவர் மேல் மழையாக விழுந்தன. அவர் நகரவில்லை. கை கொடுப்பதுபோல் வந்த ஒரு ரசிகர் கன்னத்தில் அறைந்தார். டெட்ராய்ட் 4-1 என்று முன்னணியில் இருந்தபோது கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்தது. இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் ஜனம் வெளியே ஓடியது. ஆட்டம் அதோடு முடிந்தது. வெற்றி டெட்ராய்ட்டுக்கே என்று அறிவித்தார்கள்.

வெளியே ஏற்கெனவே கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு கூட்டமும் சேர்ந்து செயின்ட் கேத்தரின் தெருவில் இறங்கியது. கடைக் கண்ணாடிகள் உடைந்தன. சுமார் 50 கடைகளில் கொள்ளை. விடிகாலை மூன்று மணி வரை அடங்கவில்லை. ஒரு லட்சம் டாலர் சேதம் என்று கணக்கிட்டார்கள். கண்ணாடி உடைந்த கடைக்காரருக்கும் ரிஷாரின் தடைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. கோபம் தெருவுக்கு வந்தால் விலாசம் பார்ப்பதில்லை.

மறுநாள் ரிஷாரே ரேடியோவில் பேசினார். முதலில் பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், அடுத்த வருடம் திரும்பி வருவேன், இனி யாரும் பிரச்னை செய்ய வேண்டாம் என்பதுதான் சுருக்கம். ஊர் அடங்கியது. போலீஸால் ஒரு ராத்திரி முழுக்க முடியாததை அவர் குரல் செய்தது.

அந்தப் புள்ளிப் பட்டம்? அது ரிஷாருக்கு ஒரே ஒரு புள்ளியில் போனது. அவரைத் தாண்டிய பெர்னி ஜெஃப்ரியோன் சொந்த அணிக்காரர், அவரும் பிரெஞ்சுக்காரர்தான். கோல் அடித்த குற்றத்துக்காகச் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். அந்தப் பட்டம் ரிஷாருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஆனால், அடுத்து 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பைகள் மான்ட்ரியலுக்கு வந்தன. அதில் நான்கு, ரிஷார் கேப்டனாக இருந்து வாங்கியவை.

1960-களில் கியூபெக்கே மாறத் தொடங்கியது. 'அமைதிப் புரட்சி' என்கிறார்கள். 1977-ல் பிரெஞ்சு மொழிச் சட்டம் வந்தது. எல்லாவற்றுக்கும் அந்த மார்ச் ராத்திரிதான் விதை என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு ஹாக்கி கலவரத்துக்கு அவ்வளவு பெரிய மாலை போடக் கூடாது என்கிறார்கள் வேறு சிலர். ரிஷாரோ தான் வெறும் ஹாக்கி ஆட்டக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்று மட்டும் என் கண் முன்னாலேயே இருந்தது. அந்தச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் பொதுவாக பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். அதனால்தான் சென்னைக்காரியின் மகன் பிரெஞ்சில் கணக்குப் போடுகிறான். அதனால்தான் சித்தியின் உச்சரிப்பைத் திருத்துகிறான்.

டாக்ஸியில் ஒரு சாட்சி

ஃபோரத்திலிருந்து திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியது. டாக்ஸி பிடித்தோம். ஓட்டுநர் கண்ணாடி வழியே எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழோ பிள்ளை?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். அறுபதைத் தாண்டிய வயது.

ஃபோரம் பார்க்க வந்தோம் என்றதும் உற்சாகமாகிவிட்டார். "நான் எண்பத்தாறில இஞ்ச வந்தனான். ஹாக்கியெண்டா என்னெண்டே தெரியாது. ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில கோப்பை கழுவினனான். ஃபோரத்தைப் பூட்டின அண்டைக்கு டிவியில காட்டினவை. குசினியே அப்பிடியே நிண்டுட்டுது."

அவர் சொன்னது 1996 மார்ச் 11. மோரென்ஸின் இறுதிச்சடங்கு நடந்த அதே தேதி. அன்று ஃபோரத்தில் கடைசி ஆட்டம். டல்லாஸ் அணியை 4-1 என்று ஜெயித்த பிறகு, பழைய வீரர்களை ஒவ்வொருவராக ஐஸுக்கு அழைத்தார்கள். ரிஷார் பெயரைச் சொன்னதும் கைத்தட்டல் ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. போதும் போதும் என்று அவர் கையைக் காட்டினார். இன்னும் பெரிதானது. ஏழு நிமிடத்துக்கும் மேல். 74 வயது ராக்கெட் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு கிழவன் நிண்டு அழுறார், சனம் விடாமக் கை தட்டுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பக்கத்தில நிண்ட பிரெஞ்சுச் சமையல்காரனும் அழுறான். ஆரப்பா அவர் எண்டு கேட்டன். 'எங்கட பேரைச் சரியாச் சொல்ல வைச்ச மனுசன்' எண்டான்."

வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார்.

"பாஷைக்காகக் கோவப்படுற சனத்தை எனக்கு விளங்கும் பிள்ளை. நான் எங்க இருந்து வந்தனான் எண்டு யோசிச்சுப் பாரும். அடுத்த கிழமையே பிரெஞ்சு வகுப்பில போய்ச் சேர்ந்தன்."

இறங்கும்போது மருமகனிடம் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். அவன் சிரித்தான். என்னவென்று கேட்டேன். "கோலை விடாதேன்னு சொன்னார் சித்தி."

பனி மேல் ஒரு பெயர்

ஃபோரத்துக்குப் பின் கட்டிய புதிய அரங்கம் இப்போது பெல் சென்டர். வெளியே மோரென்ஸ், ரிஷார், ஜான் பெலிவோ, கி லஃப்ளூர் நான்கு பேரும் வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். கனடியன்ஸ் மொத்தம் 24 முறை ஸ்டான்லி கோப்பையை வென்றிருக்கிறார்கள். கடைசியாக 1993-ல். நான் போன அந்தக் குளிர்காலம் வரை அதற்குப் பிறகு எந்தக் கனடா அணியும் வெல்லவில்லை. ஆனாலும் அரங்கம் நிரம்புகிறது. 2024 ஏப்ரல் 20 அன்று பெண்கள் லீக் ஆட்டத்துக்கே இங்கே 21,105 பேர் வந்தார்கள். பெண்கள் ஐஸ் ஹாக்கி அதுவரை பார்க்காத கூட்டம் அது.

2000 மே 27 அன்று ரிஷார் இறந்தார். இதே அரங்கத்தில் வைத்திருந்த அவர் உடலைப் பார்க்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்றார்கள். நாத்ருதாம் பேராலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. கியூபெக்கில் ஒரு விளையாட்டு வீரருக்கு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை.

அவரை அடக்கம் செய்த நாத்ருதாம்-தே-நேஜ் கல்லறைத் தோட்டம், கோட்-தே-நேஜில் உள்ள அக்கா வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். ஊர் திரும்புவதற்கு முதல் நாள் போனோம். முழங்கால் வரை பனி. எங்களைத் தவிர யாரும் இல்லை. ஏழு நிமிடக் கைத்தட்டல் வாங்கியவர் இருக்கும் இடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

அக்கா மகன் கையுறையால் கல்லின் மேலிருந்த பனியைத் தட்டிவிட்டான். பிறகு என்னைப் பார்த்து, "படிங்க சித்தி" என்றான்.

படித்தேன். இந்த முறை அவன் திருத்தவில்லை.

நீங்களும் போகலாம்!

* ஃபோரத்துக்கு மெட்ரோவில் பச்சைப் பாதையில் அட்வாட்டர் நிலையம். பெல் சென்டருக்கு ஆரஞ்சுப் பாதையில் லூசியன் லாலியே அல்லது பொனவாந்தூர்.

* நாத்ருதாம் பேராலயத்துக்கு ப்ளாஸ் தார்ம் நிலையத்தில் இறங்கலாம். சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு.

* சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை. டிக்கெட் விலை கையைக் கடிக்கும். முன்கூட்டியே பாருங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். குளிர்காலத்தில் நகரப் பூங்காக்களின் ஐஸ் தளங்களில் பிள்ளைகள் ஆடுவதை இலவசமாகவே பார்க்கலாம்.

* ஜனவரி, பிப்ரவரியில் போனால் காது மூடும் தொப்பி, கையுறை, பனியில் வழுக்காத பூட்ஸ் கட்டாயம்.

* யாரைப் பார்த்தாலும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். பிறகு ஆங்கிலத்தில் பேசினாலும் முகம் மலர்ந்தே பதில் வரும். ராக்கெட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் கவனம். ரிச்சர்ட் இல்லை, ரிஷார்!